பூங்கா வரை வந்த பஸ்

உங்கள் நீலக் கோப்பு என் மேசைமேல் இருக்கிறது. நாடாவை இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் போனாலே அதன் வாசனை வருகிறது. முத்திரை மையும், பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் போட்டுவைத்த அந்துருண்டையும் கலந்த வாசனை. இரண்டு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

1. கோப்பு என்னிடம் வந்த விதம்.
2. சோலார் ஒப்பந்தம். நாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்தோம் என்று சொல்ல அது ஒன்றே போதும்.
3. பஸ் மனு. கையெழுத்து விஷயத்தில் நான் எடுத்த முடிவு முறைப்படி சரியானது. பலன் கிடைக்காமல் போனது வேறு விஷயம்.
4. உங்கள் கடைசி மாதங்களில் நான் அடிக்கடி வராததற்குக் காரணம்.

"நம்பர் போட்டுத்தான் மூச்சு விடுவீங்களா சார்?" என்று கேட்பீர்கள். கல்லூரி நூலகத்தில் வேலைக்காலம் முழுவதும் புத்தகப் பட்டியல் அட்டை எழுதியவன் நான். எண் இல்லாத புத்தகம் தொலைந்த புத்தகம் என்று பழகிப்போன மனது. இந்த வயதில் மாறாது.

முதல் குறிப்பு. வியாழக்கிழமை காலை உங்கள் வீட்டம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். உங்கள் வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள். அவர் குண்டலுபேட்டைக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். கையில் இந்தக் கோப்பு.

"இது உங்களுக்குத்தானுங்கண்ணா. அவரு எழுத்து எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு இருக்கும். மத்ததெல்லாம் உங்க எழுத்துதானுங்க."

"ஒரு நினைவாக உங்களிடமே இருக்கட்டுமே" என்றேன்.

"நெனப்புக்கு அவரு சட்டையே அலமாரி நெறைய இருக்குதுங்க. இதை அங்க கொண்டுபோயி, மாப்பிள்ளை ஏதோ பழைய பேப்பர்னு எடைக்குப் போட்டுட்டா எனக்கு மனசு கேக்காதுங்க."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திரும்பும்போது கேட் அருகில் நின்று பூங்கா முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எட்டு மணியாச்சுன்னா இன்னமும் காது அங்கயே போகுதுங்கண்ணா" என்றார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் தெருவைக் கடந்துவிட்டார்.

இரண்டாவது குறிப்பை நீங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வைத்தேன். எங்கள் மொட்டைமாடி சோலார் வெந்நீர்த் தொட்டிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட அந்தக் கம்பெனி ஆள் வந்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் செய்தித்தாள் வாங்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். மூன்று பக்க ஒப்பந்தம். நான் அளவுகோலை வரிக்குக் கீழே வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "இந்த மெயின்ல, இந்தத் தெரு பூரா, எல்லாரும் படிக்காமலே சைன் பண்ணிட்டாங்க சார்" என்றான்.

"அதனாலதான் தம்பி இவரு படிக்கறாரு" என்றீர்கள். "நீங்க காப்பி குடிங்க. சார் இப்பத்தான் ரெண்டாம் பக்கம் வந்திருக்காரு. மூணாம் பக்கம் வரட்டும், சாப்பாடே போட்டுருவோம்."

நீங்கள் அவனிடம் கன்னடத்தில்தான் பேசியிருப்பீர்கள். எனக்கு எல்லாம் தமிழில்தான் நினைவிருக்கிறது. கொள்ளேகால் பக்கத்து இழுவையோடு.

மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி: ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்றினால் கம்பெனி பொறுப்பல்ல. கோடையில் வாரத்துக்கு இரண்டு நாள் போர் தண்ணீர் ஏற்றாத வீடு நம் தெருவில் எது? நான் பார்த்துவிட்டேன். ஆனால் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. அவ்வளவு நேரம் காக்க வைத்துவிட்டோம், காப்பி வேறு ஆறிப்போயிருக்கிறது, இதற்கு மேல் வம்பு எதற்கு என்று ஒரு கூச்சம். பென்சிலால் ஓரத்தில் சின்னக் கோடு போட்டுத் தாளை உங்கள் பக்கம் நகர்த்தினேன். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை உரக்கப் படித்தீர்கள். "போர் தண்ணி ஆகாதுன்னா இந்தத் தொட்டிக்குப் பால்தான் ஊத்தணுமுங்க தம்பி" என்றீர்கள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலதிகாரிக்கு போன் போட்டு, அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டான்.

நாம் சேர்ந்து போன இடத்தில் எல்லாம் இதே கதைதான். தெருவிளக்கு, குப்பை வண்டி வரும் நேரம், சாக்கடை மேல் உடைந்த கல், சொத்து வரி ரசீதில் தப்பாக விழுந்த பெயர். கண்டுபிடிப்பது நான், கன்னடத்தில் எழுதுவதும் நான். அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் நின்று பேசுவது நீங்கள். நான் உங்களுக்கு இரண்டடி பின்னால் குடையோடு நிற்பேன். மனுவின் இரண்டாம் பிரதியில் முத்திரை விழுந்தால்தான் நீங்கள் அந்த இடத்தை விட்டு நகர்வீர்கள். "டிக்கெட் கிழிச்சுக் கையில வாங்காம எந்த சீட்டுலயும் உக்காரக் கூடாதுங்க சார்" என்பீர்கள். இப்போது புகாரெல்லாம் கைபேசியில் போடச் சொல்கிறார்கள். ஓர் எண் வருகிறது. நானும் போடுகிறேன். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யார் முன்னால் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது. இதைச் சற்று மெதுவாக எழுதுகிறேன்.

விஜயநகரில் நாம் வீடு கட்டி வந்த நாளிலிருந்து அந்த பஸ் பூங்கா வரை வந்து திரும்பும். காலை எட்டு மணி வண்டியில் நீங்கள் ஏறுவீர்கள். முன்வாசலை ஒட்டிய ஒற்றை இருக்கை. முப்பது வருடம் கொள்ளேகால் வண்டியில் கண்டக்டராக நின்றுகொண்டே போனவர், இப்போதுதான் உட்கார்ந்து போகக் கிடைத்தது என்பீர்கள். தேவராஜ மார்க்கெட்டில் இறங்கி, கீரையும் வெற்றிலையும் வாங்கி, அங்கே பழைய டிரைவர் யாரையாவது பிடித்து ஒரு காப்பி குடித்துவிட்டு, பத்து மணி வண்டியில் திரும்புவீர்கள். அந்த வண்டியிலிருந்துதான் வள்ளியும் மற்றப் பெண்களும் இறங்குவார்கள். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற வள்ளி. என் மனைவி போன பிறகு எனக்குச் சோறு வடித்து வைப்பவளும் அவள்தான்.

பிறகு வண்டியை ரிங் ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே வந்து திரும்பினால் ஏற ஆள் இல்லை என்றார்கள். ஒரு மாதம் நீங்கள் ரிங் ரோடு வரை நடந்து பார்த்தீர்கள். முழங்கால் வீங்கியது. வள்ளி ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினாள். அப்படியும் கடைசி மெயினில் ஒரு வீட்டில் தாமதமாகிறது என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் அன்று மாலை என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். "சார், எழுதுங்க. நான் முப்பது வருஷம் சம்பளம் வாங்குன எடம். அங்கயே போயி மனுக் கொடுக்கறேன்."

நம் குடியிருப்பு நலச் சங்கத்தின் பெயரில் எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கிவைத்திருந்தார்களே. மனுவோடு கையெழுத்துப் பட்டியல் வேண்டும். வெள்ளைத்தாளில் நான்கு பத்தி போட்டேன். வரிசை எண், பெயர், கதவு எண், கையொப்பம்.

நீங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "வள்ளி, அப்புறம் அவகூட வர்ற பொண்ணுங்க, அவங்களையும் போடச் சொல்லட்டுங்களா? ஏறுறதே அவங்கதானுங்க. நம்ம தெருவுல வீட்டுக்காரன்ல பஸ்சுக்கு நிக்கறவன் நான் ஒருத்தன்."

"அவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் இல்லையே. கதவு எண் பத்தியில் என்ன போடுவது? ஒரு பெயர் செல்லாது என்றால் முழு மனுவுமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்."

"வண்டியில ஏறுனவங்களை வீடு எங்கன்னா கேட்டேன் சார்? எறங்குற எடத்தைத்தான் கேட்டேன்."

"அது டிக்கெட். இது மனு" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "செரிங்க சார். எழுத்து உங்களுது" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பத்தொன்பது வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். நீங்கள் பழைய ஊழியர் என்று தெரிந்து நாற்காலி போடச் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். "இதில் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். "உங்கள் லேஅவுட் எனக்குத் தெரியும். வாசலுக்கு ஒரு கார் நிற்கிறது. தினம் ஏறுகிறவர்கள் பெயர் இருந்தால் கொடுங்கள், நானே மேலே எழுதுகிறேன்."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த இடத்தில் பொதுவாகப் பேசாத நான் பேசினேன். "இதுதான் முறைப்படியான பட்டியல்" என்று சொன்னேன். உங்கள் வலது கை சட்டைப்பைக்குப் போனது. கண்ணாடியைத் தேடுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டீர்கள். அதிகாரி "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று ஒரு அதிகாரி சொன்னால் அதற்கு மேல் நிற்க வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஆட்டோவில் வழி முழுக்க நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

பஸ் வரவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் மார்க்கெட் போகவில்லை. உங்கள் வீட்டம்மா தள்ளுவண்டிக்காரரிடமே கீரை வாங்கினார். நீங்கள் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். எட்டு மணிக்கு ஒருமுறை தலையைத் திருப்பிப் பூங்கா முனையைப் பார்ப்பீர்கள். என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். நான் வரவேண்டியதுதானே. வரவில்லை. உங்களுக்கு என்மேல் கோபம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வந்தால் அதைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். பால் வாங்கப் போகும்போது கையை ஆட்டுவேன், நீங்களும் ஆட்டுவீர்கள். தெருவின் அகலம் இருபதடிகூட இருக்காது.

நான்காவது குறிப்பு இங்கேயே வந்துவிட்டது. அதைத் தனியாக எழுத வேண்டாம்.

ஒருநாள் நீங்களே கூப்பிட்டீர்கள். "சார், அந்தக் கோப்பு என்கிட்டத்தான் இருக்குது. எப்பவாச்சும் பிரிச்சுப் பாருங்க."

"இரண்டாம் பிரதிதானே, உங்களிடமே இருக்கட்டும்" என்றேன்.

"ஆமாங்க. அதுவுந்தான் இருக்குது" என்றீர்கள்.

அதற்கு அடுத்த மாதம் உங்கள் மார்பு வலித்தது. மருத்துவமனைக்குப் போன வண்டி பூங்காவைச் சுற்றித் திரும்பியபோது நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு, மனுக் கொடுத்த தேதியைச் சரிபார்ப்பதற்காகக் கோப்பைப் பிரித்தேன். தேதி இல்லாமல் எழுதினால் எனக்கு ஒப்பாது. மனு இருந்தது, முத்திரை இருந்தது. அதற்கு அடியில் எட்டாக மடித்த ஒரு தாள். பழைய நாட்காட்டியின் மாதத் தாள். சட்டைப்பையில் கிடந்து மடிப்பெல்லாம் நைந்து, வியர்வையில் மை ஓரிடத்தில் பரவியிருக்கிறது. பின்பக்கத்தில் உங்கள் எழுத்து. தலைப்பு: பஸ் ஏறுகிறவர்கள். நாற்பத்தியொரு பெயர்கள். சில கையெழுத்துகள், பாதிக்கு மேல் ஊதா ரேகைகள். மூன்றாவது பத்திக்கு நீங்கள் வைத்திருந்த பெயர், இறங்குமிடம்.

நான் அந்தத் தாளை எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. நேரம் குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வள்ளி வந்ததும் காட்டினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது நாந்தானுங்க சார். எதிர்வீட்டு ஐயா ரிங் ரோடு ஸ்டாப்புல வந்து நின்னு வாங்கினாரு. மூணு நாளு வந்தாரு. மைப்பெட்டியெல்லாம் அவரே கொண்டாந்தாரு. கால் வலியோட எதுக்கு ஐயா நடக்கறீங்கன்னு கேட்டோம். வண்டி வந்தா ஒக்காந்துக்கறேன்னாரு."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே, வள்ளி."

"சார்கிட்ட சொல்லாதீங்கன்னாரு. சாருக்குத் தூக்கம் வராது, பாவம்னாரு. அவரே ஒருநாளு கேப்பாரு, அப்ப எடுத்துக் கொடுத்துக்கறேன்னாரு."

அன்று அதிகாரி கேட்டார். அதிகாரி கேட்ட அதே நேரத்தில் நான் பேசிவிட்டேன். உங்கள் கை பைக்குள் போய் வெளியே வந்தது. நான் முறைப்படியானது என்று சொன்ன பட்டியலுக்கு மேல், ஒரு அதிகாரி முன்னால், இன்னொரு பட்டியலை வைக்க உங்களால் முடியவில்லை. ஆட்டோவில் நீங்கள் கோபமாக வந்தீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வள்ளி பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். இவள் இப்போது வருவதில்லை, இவள் ஊருக்கே போய்விட்டாள், இவளுக்கு ஹெப்பாள் பக்கம் வேறு வேலை. பாதிப்பெயர் கழிந்துவிட்டது. அப்படியானால் இந்தப் பட்டியல் இனிச் செல்லாது என்று என் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மதியம் அவள் வேலை முடித்துக் கிளம்பும்போது நானும் கிளம்பினேன். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ரிங் ரோடு வரை நான் ஒருமுறைகூட நடந்ததில்லை. ஸ்கூட்டர் இருந்தது, பிறகு ஆட்டோ. என் நடைக்கு இருபத்தாறு நிமிடம் ஆனது. நடுவில் ஒரு மரம்கூட இல்லை. வள்ளி எனக்காக மூன்று இடத்தில் நின்றாள். "நீங்க ஏன் சார் வர்றீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

பஸ் வந்தது. முன்வாசலை ஒட்டிய ஒற்றை இருக்கையில் ஒருவர் இருந்தார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "எல்லி இளீபேக்கு சார்?" என்று கேட்டார். எங்கே இறங்க வேண்டும் என்று அவர் கேட்டது எனக்குச் சட்டென்று காதில் ஏறவில்லை. இரண்டாம் முறை கேட்டார். தேவராஜ மார்க்கெட் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த டிக்கெட்டும் இப்போது உங்கள் தாளோடு என் பையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சங்கத்தின் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அளவுகோல் வைத்துத்தான். பிறகு நம் கோப்பில் இருந்த எல்லா மனுக்களையும், அலுவலகங்கள் அனுப்பிய எல்லாப் பதில்களையும் படித்தேன். புது மனுவுக்குத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். வள்ளி புதுப் பெயர்கள் சொல்கிறேன் என்றிருக்கிறாள். ஆனால் பேச நீங்கள் இல்லை. அந்த மேசைக்கு முன்னால் எனக்குக் குரல் வருமா என்று கேட்டால், வராது என்றுதான் தோன்றுகிறது.

மேலே மூன்றாவது குறிப்பில், நான் எடுத்த முடிவு முறைப்படி சரியானது என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கே குடியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் எங்கேயும் இல்லை. கதவு எண்ணை நம்மிடம் யாருமே கேட்கவில்லை. அந்தப் பத்திக்குக் கோடு போட்டது நான்.